யோக்கியன் வர்றான்: ‘ஒதெல்லோ’வில் ஒரு சொல்

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தில் ‘ஆனஸ்ட்’ என்ற சொல்லும் ‘ஆனஸ்டி’ என்ற அதன் பெயர்ச்சொல்லும் சேர்ந்து 52 முறை வருகின்றன. உட்கார்ந்து எண்ணிச் சொன்னவர் வில்லியம் எம்ப்சன். 1951ல் வெளியான ‘தி ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வேர்ட்ஸ்’ நூலில் இந்த ஒரு சொல்லுக்காக ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறார். லியரில் ‘ஃபூல்’, மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’டில் ‘ஆல்’, போப்பின் ‘எஸ்ஸே ஆன் கிரிட்டிசிசம்’ கவிதையில் ‘விட்’ என்று அந்தப் புத்தகம் முழுக்க இப்படித்தான் போகிறது. ஒரு படைப்பு, அதற்குள் ஒரு சொல். அகராதியைத் தூக்க வைக்கும் கடினமான சொற்களில்லை. குழந்தைகூடச் சொல்லும் சொற்கள்.

பல பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் வினாடி-வினா ஆசாமிகள் ‘செட்’ என்பார்கள், இல்லையென்றால் ‘ரன்’. 1989ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’டுக்குத்தான் ஆக நீளமான பதிவு. ஆனால் அந்தப் பன்மையால் யாருக்கும் ஆபத்தில்லை. டென்னிஸ் செட்டையும் டீ செட்டையும் சினிமா செட்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பக்கத்துச் சொற்கள் வந்து பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. ‘ஆனஸ்ட்’ அப்படிப்பட்டதில்லை. அதன் பொருள்கள் ஒன்றுக்கொன்று ஒட்டிப்பிறந்தவை. ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை மனதில் போட்டுவிட முடியும். அந்த வசதியை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ஒரு வீட்டையே காலி செய்வதுதான் ‘ஒதெல்லோ’ என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘ஹோனஸ்டுஸ்’. ‘ஹோனோர்’ என்ற மரியாதைச் சொல்லின் பிள்ளை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்கும் உண்மை பேசுவதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. மதிப்புக்குரியவன், கௌரவமானவன், நாலு பேர் கும்பிடும் இடத்தில் இருப்பவன் என்பதுதான் பொருள். எழுதும்போது எச் இருக்கிறது, உச்சரிக்கும்போது காணோம். நேர்மைக்கு இருக்கிற சொல்லே இப்படி ஒன்றை எழுதி ஒன்றைச் சொல்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கௌரவம் என்ற அந்தப் பழைய பொருள் ஆளைப் பார்த்துப் பிரிந்தது. ஆணுக்குச் சொன்னால் சொன்ன சொல் காப்பவன், திருடாதவன், கணக்கில் கை வைக்காதவன். பெண்ணுக்குச் சொன்னால் படுக்கை சுத்தம். அவ்வளவுதான். பெண் பொய் சொல்வாளா, கடனைத் திருப்பிக் கொடுப்பாளா என்பதெல்லாம் அந்தச் சொல்லின் அக்கறையே இல்லை. ஒருத்தியோடு பழகிவிட்டுக் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டால், அவளை ‘ஆனஸ்ட்’ பெண்ணாக்கிவிட்டான் என்று ஆங்கிலத்தில் நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று கேலிக்காக மட்டும் சொல்கிறார்கள்.

வேலைக்காரனுக்குச் சொன்னால் வேறு பொருள். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்து, முதுகில் தட்டிச் சொல்வது. நம் ஊரில் பண்ணையார் சொல்வார் இல்லையா, ‘நம்ம பய, விசுவாசமானவன்’ என்று. அதில் பாராட்டு இருக்கிறது. அதோடு, இவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. எம்ப்சன் இந்தத் தொனியைத்தான் முக்கியமாகப் பிடித்தார். ‘ஆனஸ்ட் இயாகோ’ என்று ஒதெல்லோ ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் இயாகோவின் காதில் இந்தத் தட்டல் விழுகிறது. அதே காலத்தில் இன்னொரு பொருளும் தலைதூக்கிக்கொண்டிருந்தது. ‘ஜாலியான ஆளுப்பா, ஒளிவுமறைவு இல்லாதவன், மனசுல பட்டதைப் போட்டு உடைச்சிடுவான்’ என்கிற பொருள். குடிக்கும் இடத்தில் நண்பர்களுக்குள் புழங்கும் பொருள்.

1604 நவம்பர் 1ஆம் தேதி லண்டனில் வைட்ஹால் அரண்மனையில் இந்த நாடகம் நடந்ததாகப் பதிவு இருக்கிறது. அன்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கேட்டிருக்கும். நமக்கு ஒன்றுதான் கேட்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

நாடகத்தில் இந்தச் சொல்லை முதலில் வாயில் போடுபவன் யார் தெரியுமா? இயாகோவேதான். முதல் காட்சி. இருட்டுத் தெரு. லெப்டினன்ட் பதவி தனக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தான். ஒதெல்லோ அதை காசியோவுக்குக் கொடுத்துவிட்டார். காசியோ போர்க்களம் பார்க்காத, கணக்குப் புத்தகம் படித்த, ஃபிளாரன்ஸ்காரன். இயாகோவுக்கு மிஞ்சியது கொடி தூக்குகிற வேலை. அந்தக் கடுப்பில் ரோட்ரிகோவிடம் பேசும்போது இரண்டு வகை வேலைக்காரர்களைப் பற்றிச் சொல்கிறான். ஒரு வகை எஜமானின் கழுதை மாதிரி, தீவனத்துக்காக உழைத்து, வயசானதும் துரத்தப்படுகிறவர்கள். அவர்களைத்தான் ‘ஆனஸ்ட்’ என்கிறான். அந்த யோக்கியர்களைச் சாட்டையால் அடிக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறான்.

இந்த இடத்தை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டினால் நாடகம் முழுக்கத் தப்பாகப் புரியும். இயாகோ தன்னை யோக்கியன் என்று ஊரை நம்ப வைத்த போலி என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். அது பாதிதான். அவனுக்கு அந்தப் பட்டமே வசவு. அதைத் தலையில் வைத்துவிட்டுப் பதவியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். எத்தனை அலுவலகத்தில் இதைப் பார்க்கிறோம்! ‘அவரு ரொம்ப நல்ல மனுஷன், சின்சியர்’ என்று யாரைப் பற்றியாவது மேலதிகாரி சொன்னால் இந்த வருஷமும் அவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று அர்த்தம்.

இயாகோவின் வயது 28. அவனே கணக்குச் சொல்கிறான். மேடையில் நடிகர்கள் நரைத்த தாடியோடு வருவதால் நமக்கு இது மறந்துபோகிறது. 28 வயதுக்காரனின் ஆத்திரம் அது. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலியர் 1565ல் வெளியிட்ட கதைத்தொகுப்பிலிருந்து. அங்கே கொடி தூக்குபவன் டெஸ்டிமோனாமேல் ஆசைப்படுகிறான், கிடைக்கவில்லை, அதனால் பழிவாங்குகிறான். நேரான காரணம். ஷேக்ஸ்பியர் அந்த ஆசையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பதவியையும் இந்தச் சொல்லையும் நடுவில் வைத்தார். இயாகோவுக்குக் காரணமே கிடையாது, தீமைக்காகவே தீமை செய்கிறான் என்று கோலரிட்ஜ் காலத்திலிருந்து ஒரு பேச்சு உண்டு. 52 முறை காரணம் சொல்லப்படுகிறது என்றே எனக்குப் படுகிறது. சொல்பவர்களுக்குத்தான் அது காரணம் என்று தெரியவில்லை.

இரண்டாம் அங்கத்தில் சைப்ரஸில் குடிக்கொண்டாட்டம். காசியோவைக் குடிக்க வைத்து, சண்டை மூட்டி, ஒதெல்லோ வந்து கேட்கும்போது இயாகோ ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான். சொல்லச் சொல்லி வற்புறுத்தியபின், காசியோவைக் காப்பாற்ற முயல்வதுபோல் இழுத்து இழுத்துச் சொல்கிறான். அவனுடைய யோக்கியத்தாலும் பாசத்தாலும் விஷயத்தைக் குறைத்துச் சொல்கிறான் என்று ஒதெல்லோ முடிவு கட்டுகிறார். காசியோவின் பதவி போகிறது. போன கையோடு அந்த காசியோவே இயாகோவிடம் யோசனை கேட்டுவிட்டு, ‘ஆனஸ்ட்’ என்ற அடைமொழியோடு இரவு வணக்கம் சொல்லிப் போகிறான். வெட்டியவனுக்கே வெட்டுப்பட்டவன் பட்டம் கொடுக்கிறான். அவன் போனதும் இயாகோ நம்மைத் திரும்பிப் பார்த்து, நான் கொடுத்த யோசனை நியாயமானதுதானே, என்னை வில்லன் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறான். அந்த யோசனைக்கு அவன் போடும் அடைமொழியும் அதே சொல்தான். கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், யோசனை உண்மையிலேயே நல்ல யோசனை. டெஸ்டிமோனாவிடம் போய்ப் பேசு, அவள் கணவனிடம் பரிந்து பேசுவாள். இதில் பொய் எங்கே இருக்கிறது?

மூன்றாம் அங்கம் ஆரம்பத்தில் கோமாளி ஒருவன் வருகிறான். பெரும்பாலான மேடையேற்றங்களில் அவனை வெட்டிவிடுவார்கள். காசியோ அவனை ‘ஆனஸ்ட்’ நண்பனே என்று கூப்பிட, கோமாளி அந்த விளியைப் பிய்த்துப் போட்டு விளையாடுகிறான். ஏதோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதாகப் பாவனை செய்கிறான். அரை நிமிட நகைச்சுவை. ஆனால் அந்தச் சொல்லை ‘எந்த ஆளைச் சொல்றீங்க?’ என்று திருப்பிக் கேட்ட ஒரே பாத்திரம் அந்தக் கோமாளிதான்.

*

எல்லாரும் பேசுவது மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை. பேசத்தான் வேண்டும். ஒரே காட்சிக்குள் ஒரு மனிதன் மனைவிமேல் முழு நம்பிக்கையில் ஆரம்பித்து அவளைக் கொல்லும் முடிவுக்கு வந்துவிடுகிறான். இயாகோ என்ன ஆதாரம் காட்டினான்? முதல் பாதியில் ஒன்றுமே இல்லை. கைக்குட்டை பின்னால்தான் வருகிறது.

காசியோ யோக்கியன்தானே என்று ஒதெல்லோ கேட்கிறார். இயாகோ பதில் சொல்லவில்லை. அந்தச் சொல்லை மட்டும் கேள்வியாகத் திருப்பிச் சொல்கிறான். ஒதெல்லோ மறுபடி அதே சொல்லைச் சொல்கிறார். இயாகோ, எனக்குத் தெரிந்தவரை, என்கிறான். அவ்வளவுதான் நடந்தது. தமிழில் யோசித்துப் பாருங்கள். ‘அவன் நல்லவன்தானே?’ ‘நல்லவனா?’ ‘ஆமா, நல்லவன்.’ ‘எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்...’ இந்த இழுப்புக்குப் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? கல்யாண விசாரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் இப்படி ஒருமுறை இழுத்தால் போதும், சம்பந்தம் கலைந்துவிடும். பொய் ஒன்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

கவனிக்க வேண்டியது சொல் எப்படி ஆள் மாறுகிறது என்பது. ஒதெல்லோ கேட்டபோது அது காசியோவைப் பற்றியது. காசியோ நம்பத்தக்க அதிகாரியா என்ற பொருளில் தொடங்கியிருக்கலாம். இயாகோ திருப்பிச் சொன்னதும் அதற்குள் படுக்கையறை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒதெல்லோவின் வாயாலேயே அது டெஸ்டிமோனாவுக்குத் தாவுகிறது. டெஸ்டிமோனா யோக்கியமானவள் என்று தவிர வேறெதையும் நினைக்கவில்லை என்று சொல்லும்போதே நினைத்துவிட்டார். மனைவி யோக்கியமானவள் என்று நினைக்கிறேன், இல்லை என்றும் நினைக்கிறேன், இயாகோ நியாயமானவன் என்று நினைக்கிறேன், இல்லை என்றும் நினைக்கிறேன் என்று தவிக்கிறார் பிறகு. காட்சி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், தராசின் இரண்டு தட்டிலும் ஒரே சொல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒரு தட்டில் இருப்பது ‘உண்மை பேசுபவன்’, மற்றதில் இருப்பது ‘கற்புள்ளவள்’. இவன் யோக்கியன் என்றால் அவள் யோக்கியமில்லாதவள், அவள் யோக்கியமானவள் என்றால் இவன் யோக்கியனில்லை. தர்க்கம் மாதிரி தெரிகிறது. ஒரு சொல்லின் இரண்டு அர்த்தம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருப்பதுதான் அது.

ஒதெல்லோ ஆத்திரத்தில் கழுத்தைப் பிடிக்கும்போது இயாகோ செய்வது அந்தக் காட்சியிலேயே மிக நுட்பமான காரியம். நேரடியாக, யோக்கியமாக இருப்பது ஆபத்து என்று இந்த உலகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான், கோபித்துக்கொண்டு கிளம்புகிறான். ஒதெல்லோதான் நிறுத்தி, இல்லை, நீ யோக்கியனாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார். அதாவது இயாகோ பட்டத்தை ராஜினாமா செய்கிறான், ஒதெல்லோ கையில் திணிக்கிறார்.

*

எம்ப்சனின் அத்தியாயம் அருமையானது. ஆனால் அதன் பெரும்பகுதி இயாகோவையே சுற்றுகிறது. பெண்கள் பக்கம் அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்பது என் மனக்குறை.

நான்காம் அங்கத்தில் ஒதெல்லோ டெஸ்டிமோனாவிடம் நீ யோக்கியமானவள் என்று சத்தியம் செய் என்கிறார். செய்கிறாள். என்ன பயன்? பெண்ணின் ‘ஆனஸ்டி’ அவள் வாயால் நிரூபிக்க முடியாத விஷயம். ஆண் ‘நான் யோக்கியன்’ என்று சொன்னால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. கணக்கைப் பார்க்கலாம், சாட்சி கேட்கலாம். பெண் சொன்னால், யோக்கியமில்லாதவள் பொய்யும்தானே சொல்வாள் என்ற பதில் தயாராக நிற்கிறது. இங்கேதான் அந்த இரண்டு பொருளும் கைகோத்துக்கொள்கின்றன. கற்பில்லாதவள் என்று முடிவு செய்துவிட்டால், உண்மை பேசாதவள் என்பது இலவச இணைப்பாக வந்துவிடுகிறது. எமிலியா அவளுக்காகத் தன் ஆன்மாவையே பணயம் வைக்கத் தயார் என்கிறாள். அதையும் ஒதெல்லோ தள்ளிவிடுகிறார். பெண் சாட்சி.

நான் சொல்ல வந்தது பியாங்காவைப் பற்றி. காசியோவோடு தொடர்புள்ள பெண். பாத்திரப் பட்டியலிலேயே அவளுக்கு வேசி என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஐந்தாம் அங்கத்தில் காசியோ வெட்டுப்பட்டுக் கிடக்கிறான், இவள் அழுதுகொண்டு ஓடி வருகிறாள். இயாகோ பழியை அவள்மேல் திருப்புகிறான். எமிலியாவும் சேர்ந்துகொண்டு வேசி என்று திட்டுகிறாள். பியாங்கா திருப்பிக் கொடுக்கிறாள்: நான் வேசியில்லை, என்னை ஏசுகிற உன் அளவுக்கு நானும் யோக்கியமாகத்தான் வாழ்கிறேன். நாடகத்தில் பெரும்பாலும் இந்தச் சொல்லை அடுத்தவர்தான் கொடுத்தார்கள், அடுத்தவர்தான் பறித்தார்கள். பியாங்கா கேட்டு வாங்கவில்லை, தானே எடுத்துக்கொள்கிறாள். அதில் எமிலியா வாயடைத்துப் போகவில்லை, காறித் துப்புகிறாள். ஒரு நாழிகைக்குப் பிறகு எமிலியாவையே அவள் கணவன் அதே வசையால் திட்டப்போகிறான். இதை ஷேக்ஸ்பியர் சுட்டிக்காட்டிப் பேசவில்லை, அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

*

இப்போது தமிழுக்கு வருகிறேன். ‘ஆனஸ்ட்’ என்பதற்குத் தமிழில் யாரைக் கேட்டாலும் ‘நேர்மை’ என்பார்கள். நேர்மை அழகான சொல். ஆனால் இந்த நாடகத்துக்கு உதவாது. ‘நேர்மையான இயாகோ’ என்று எழுதிப் பாருங்கள். தேர்தல் சுவரொட்டி மாதிரி இருக்கிறது. ‘டெஸ்டிமோனா நேர்மையானவளா?’ என்று கேட்டால் அவள் ரேஷன் கடையில் எடை குறைக்கிறாளோ என்று தோன்றும். அதனால் மொழிபெயர்ப்பவர் அங்கே ‘கற்பு’ என்று மாற்ற வேண்டிவரும். மாற்றினால் நாடகத்தின் நரம்பு அறுந்தது. அவனுக்கு நேர்மை, அவளுக்குக் கற்பு என்று இரண்டு சொல்லாகப் பிரித்துவிட்டால் இயாகோவுக்கு வேலையே இல்லை.

‘நாணயம்’ பார்க்கலாம். காசுக்கும் சொல் தவறாமைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ரோட்ரிகோவின் பணப்பையைக் கறக்கும் இயாகோவுக்கு அது பொருந்தும். ஆனால் பெண்ணிடம் போகாது. ‘விசுவாசம்’ வேலைக்காரத் தொனியைக் கொண்டுவரும், மற்றதை விட்டுவிடும். ‘வெள்ளந்தி’ என்று ஓர் ஆசை வந்தது. அது கள்ளமில்லாதவனுக்கு, குரல் வேறு.

எல்லாவற்றையும் தாங்கும் ஒரு சொல் இருக்கிறது: யோக்கியம். ‘அவன் யோக்கியன்’ என்றால் கை சுத்தம். ‘அவ யோக்கியமானவளா?’ என்றால் கேள்வி வேறு, எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டாம். ‘பெரிய யோக்கியன், வந்துட்டாரு’ என்றால் அர்த்தம் தலைகீழ். ஆங்கிலச் சொல்லில் இருக்கும் ஓரவஞ்சனை அத்தனையும் இதில் இருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு வசதி. அதோடு ‘யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை’ என்ற பழமொழி இருக்கிறதே, அது இயாகோவைப் பற்றி நம் பாட்டிகள் எழுதி வைத்த திறனாய்வு. சொம்பைத் திருடுபவனுக்கு யோக்கியன் என்ற பெயரும் இருந்தே தீரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. யோக்கியத்துக்கு ‘யோக்கியதை’ என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. தகுதி என்று பொருள். ‘என்னைக் கேக்க உனக்கு என்ன யோக்கியதை இருக்கு?’ லத்தீனில் ‘ஆனர்’ என்ற கௌரவத்திலிருந்து ‘ஆனஸ்ட்’ பிறந்தது போல, வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லிலும் தகுதியும் ஒழுக்கமும் ஒரே வேரில் நிற்கின்றன. இயாகோவின் குறை என்ன? எனக்கு யோக்கியதை இருந்தது, கொடுக்கவில்லை. யோக்கியன் என்ற பெயரை மட்டும் கொடுத்தார்கள். ஒரே வரியில் அவன் கதை தமிழில் முடிந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில், வாள் பறிபோன ஒதெல்லோ, யோக்கியம் போன பிறகு கௌரவம் எதற்கு மிச்சமிருக்க வேண்டும் என்ற பொருளில் ஒன்று சொல்வார். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லும் அக்கா தங்கை. நேர்மை, கௌரவம் என்று போட்டால் அந்த உறவு போச்சு. யோக்கியம், யோக்கியதை என்று முயன்று பார்க்கலாம். சரியாக உட்காருமா என்பது நடிகரின் வாயில்தான் தெரியும்.

இந்தியாவில் ‘ஒதெல்லோ’வைச் சினிமாவாக்கியவர்கள் பொருள்களை அழகாக மாற்றினார்கள். விஷால் பரத்வாஜின் ‘ஓம்காரா’வில் (2006) கைக்குட்டை ஒட்டியாணமாகிறது. ஜெயராஜின் மலையாளப் படமான ‘களியாட்டம்’ (1997) கதையைத் தெய்யம் ஆடுபவர்களிடம் கொண்டுபோய் வைத்தது. ஒதெல்லோவின் நிறத்தைச் சாதியாக மாற்றிப் படித்தது இரண்டு படத்திலும் சரியாகவே வேலை செய்கிறது. தமிழில் ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் ஒதெல்லோ காட்சியை நாடகத்துக்குள் நாடகமாக, ஆங்கிலத்திலேயே நடித்தார்கள். கைக்குட்டைக்கு மாற்று கிடைத்துவிடும். அந்த 52 இடத்துக்கு மாற்றுத் தேடுகிற வேலை சினிமாவுக்குத் தேவைப்படாது, முகத்தைக் காட்டிச் சமாளித்துவிடலாம். பக்கத்தில் படிக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை.

*

ஒதெல்லோ ஒரு ஏமாளி, இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாரே என்று சொல்பவர்கள் உண்டு. எஃப். ஆர். லீவிஸ் 1937ல் எழுதிய கட்டுரையில் இன்னும் கடுமையாகப் போனார். இயாகோ பெரிய சூத்திரதாரி எல்லாம் கிடையாது, ஒதெல்லோவின் அகங்காரமே பாதி வேலையைச் செய்துவிட்டது என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் லீவிஸ் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒதெல்லோ வெனிஸுக்கு வந்தேறி. படைமுகாம்களில் வளர்ந்தவர். அந்த ஊர்ச் சொற்களை வெளியிலிருந்து கற்றவர். தன் பேச்சு முரடானது என்று செனட் சபையில் அவரே சொல்கிறார், சொல்லிவிட்டு நாடகத்திலேயே அழகான பேச்சைப் பேசுகிறார் என்பது வேறு கதை.

அப்படிப்பட்டவரிடம் இயாகோ காட்சியின் நடுவில் ஒரு துருப்புச்சீட்டை எடுக்கிறான். எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரியும், அவர்கள் கணவனுக்குக் காட்டாததைக் கடவுளுக்குக் காட்டுவார்கள் என்கிற ரீதியில். இதற்கு ஒதெல்லோ என்ன பதில் சொல்ல முடியும்? உள்ளூர்க்காரன் சொல்கிறான். எங்கள் ஊரில் ‘யோக்கியம்’ என்றால் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது என்று அகராதியையே மாற்றிக் கொடுக்கிறான். பிறந்து வளர்ந்த மொழியில் ஒரு சொல்லின் எந்த அர்த்தம் எப்போது வெளியே வரும் என்று நமக்கு யோசிக்காமலே தெரியும். பின்னால் கற்ற மொழியில் சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான், அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிட்டு, ‘ஃபைன்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தால் அது சம்மதமா கோபமா என்று அரை மணி நேரம் முழிக்கிற யாருக்கும் ஒதெல்லோவை ஏமாளி என்று சொல்ல மனம் வராது.

நாடகத்தில் ஒதெல்லோவை யாரும் ‘ஆனஸ்ட்’ என்று அழைப்பதில்லை என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. உன்னதமானவர், வீரர், எல்லாம் சொல்கிறார்கள். இந்த அன்றாடச் சொல், தோளில் கை போட்டுச் சொல்லும் சொல், அவருக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு அவர் அதை வாரி வழங்குகிறார்.

*

இன்று ஆங்கிலத்தில் ‘ஆனஸ்ட்’ ஒல்லியாகிவிட்டது. உண்மை பேசுவது என்ற ஒரு பொருள்தான் மிச்சம் என்று நினைக்கிறோம். புழக்கத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ‘ஆனஸ்ட் மிஸ்டேக்’ என்றால் கெட்ட எண்ணமில்லாத தவறு. அங்கே உண்மை பேசுவதற்கு என்ன வேலை? ‘ஆனஸ்ட்லி!’ என்று அலுத்துக்கொண்டால் அதற்கு ‘அட போங்கப்பா’ என்பதுதான் பொருள். நம் பேச்சிலும் வந்துவிட்டது: ‘ஆனஸ்ட்டா சொல்லணும்னா...’ அப்போ இதுவரை சொன்னது என்னவாம் என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டோம். அது உண்மைக்கான உறுதிமொழி இல்லை, வரப்போவது கசக்கும் என்ற முன்னறிவிப்பு என்று நமக்குத் தெரியும்.

யூடியூபில் ‘ஆனஸ்ட் ரிவ்யூ’ என்று போட்ட காணொளிகளைப் பாருங்கள். படத்துக்கு, பிரியாணிக்கு, முடி எண்ணெய்க்கு. அதில் பேசுபவர் எப்படி ஆரம்பிக்கிறார்? தயக்கத்தோடு. ‘இதைச் சொல்லலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன், யாரையும் காயப்படுத்துறது என் நோக்கம் இல்ல...’ இயாகோ இரண்டாம் அங்கத்தில் செய்ததும் மூன்றாம் அங்கத்தில் செய்ததும் இதுதான். சொல்ல விரும்பாதவன்போல் நிற்பது, நம்மை இழுத்துக் கேட்க வைப்பது. எல்லா விமர்சகரும் இயாகோ என்று சொல்லவில்லை. நானும் இப்போது அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் வெளிப்படையான குரலுக்கும் வெளிப்படையான ஆளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை, எந்த மேடைப்பயிற்சியும் இல்லாமல், ஒரு கேமராவைப் பார்த்துக் கடந்துவிட முடிகிறது என்பது உண்மை. இயாகோவுக்குத்தான் அந்த நாடகத்திலேயே அதிக வரிகள். ஒதெல்லோவைவிட அதிகம்.

*

எமிலியாவை விட்டுவிட்டேன். முதல் காட்சியில் இயாகோ சாட்டையைப் பற்றிப் பேசினான் இல்லையா? நான்காம் அங்கத்தில் எமிலியாவும் ஒரு சாட்டை கேட்கிறாள். தன் எஜமானியைப் பற்றி யாரோ ஒரு அயோக்கியன் கோள் சொல்லியிருக்கிறான், யோக்கியமான கைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சாட்டை கொடுத்து அப்படிப்பட்டவர்களை உலகம் முழுக்க அடித்து விரட்ட வேண்டும் என்கிறாள். சொல்லும்போது பக்கத்தில் இயாகோ நிற்கிறான். சத்தம் போடாதே என்கிறான். யோக்கியர்களை அடிக்கச் சாட்டை கேட்டவன் அவன், யோக்கியர் கையில் சாட்டை கேட்டவள் அவன் மனைவி. நடுவில் மூன்று அங்கம்.

கடைசிக் காட்சியில் டெஸ்டிமோனா இறந்துகிடக்கிறாள். எல்லாம் இயாகோ சொல்லித்தான் தெரியும் என்கிறார் ஒதெல்லோ. எமிலியா, என் புருஷனா, என்று கேட்கிறாள். மறுபடியும் கேட்கிறாள். மறுபடியும். ஒதெல்லோவுக்கு எரிச்சல் வருகிறது, என்ன இது திரும்பத் திரும்ப என்று. ஆமாம், உன் புருஷன், என் நண்பன், என்று சொல்லி அந்த அடைமொழியை இரண்டு முறை அடுக்குகிறார். மூன்றாம் அங்கத்தில் இயாகோ ‘ஆனஸ்ட்’ என்பதை எதிரொலித்துச் சந்தேகத்தை உண்டாக்கினான். இங்கே எமிலியா ‘புருஷன்’ என்பதை எதிரொலித்துச் சந்தேகத்தை உடைக்கிறாள். இதையும் ஷேக்ஸ்பியர் எங்கேயும் விளக்கவில்லை.

பிறகு கூட்டம் கூடுகிறது. வாயை மூடு, வீட்டுக்குப் போ என்கிறான் இயாகோ. போக மாட்டேன் என்கிறாள். கைக்குட்டையை எடுத்தது நான், கொடுத்தது இவனிடம் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறாள். அவன் குத்துகிறான். தன் எஜமானி பக்கத்தில் கிடத்தச் சொல்லிவிட்டு, அவள் பாடிய பாட்டை முனகி, அவள் கற்புள்ளவள் என்று ஒதெல்லோவிடம் சொல்லி, மனதில் உள்ளதைச் சொல்லித்தான் சாகிறேன் என்று இறக்கிறாள். இயாகோ இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று நின்றுவிடுகிறான். எமிலியாவை நாடகத்தில் எல்லாரும் என்னென்னவோ சொல்லி அழைத்திருக்கிறார்கள். ‘ஆனஸ்ட்’ என்று யாரும் சொன்னதில்லை.